நூலக அறிவியல் படிக்கலாமா? எந்த நூலகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். பி.ஏ. தமிழ் முடித்த ஒரு பெண், ஊர்க் கிளை நூலகத்திலேயே வளர்ந்தவர், நூலகர் ஆக விரும்புகிறார். என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்கலாம், தொலைநிலையில் படித்தால் செல்லுமா, வேலை கிடைக்குமா என்று கேட்கிறார். "புத்தகம் அடுக்குறதுக்கு ஒரு படிப்பா?" என்று வீட்டில் அப்பா கேட்கிறாராம். கல்லூரி நூலகத்தில் பல வருடமாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டம் வாங்குவது பெரிய கஷ்டமில்லை, வேலை வாங்குவதுதான் கஷ்டம். தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களும் தொலைநிலை நிறுவனங்களும் சேர்ந்து வருடா வருடம் அனுப்பிவைக்கும் ஆட்களுக்குத் தக்கபடி நிரந்தரப் பணியிடங்கள் இல்லை. காலியாகும் இடங்களைக்கூட உடனே நிரப்புவதில்லை. அப்படியும் வேலையில் இருக்கிறவர்களைப் பார்த்தால் ஒன்று புரியும். பெரும்பாலும் அவர்கள் படிப்பில் சேரும்போதே தாங்கள் எந்த வகை நூலகத்துக்குப் போகப் போகிறோம் என்று முடிவு செய்தவர்கள். பொது நூலகம், கல்லூரி நூலகம், பள்ளி நூலகம், ஆய்வு நூலகம் எல்லாவற்றுக்கும் பட்டம் ஒன்றுதான். ஆனால் எழுத வேண்டிய தேர்வு வேறு, சம்பளம் வேறு, தினமும் செய்கிற வேலையே வேறு. அதனால் "நூலக அறிவியல் படிக்கலாமா" என்பதை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, "எந்த நூலகம்" என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசிக்கப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. வேலை நேரத்தில் உட்கார்ந்து நாவல் படிக்க முடியாது. இந்த வேலைக்கு வேண்டியது இன்னொருவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கிற ஆசை. பொது நூலகத்துக்கு ஒருவர் வந்து "சட்டப் புத்தகம் இருக்கா?" என்பார். ஆர்வமில்லாதவர் சட்ட அலமாரியைக் கை காட்டிவிட்டு நாளிதழுக்குத் திரும்பிவிடுவார். அனுபவப்பட்டவர் "எதைப் பத்தி பாக்கணும் ஐயா?" என்று கேட்பார். "நிலம் சம்பந்தமா" என்பார் வந்தவர். "வாங்கப் போறீங்களா, பாகப் பிரிவினையா?" என்று இன்னொரு கேள்வி போட்டால், அப்பா இறந்த பிறகு பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும், என்னென்ன தாள் கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லை என்பது வெளியே வரும். அவருக்குத் தேவை தடித்த சட்டப் புத்தகம் இல்லை, வருவாய்த் துறை நடைமுறையை எளிமையாகச் சொல்கிற ஒரு கையேடு. படிப்பில் இதற்கு 'நோக்கீட்டுச் சேவை' என்று ஒரு தாளே இருக்கிறது. ஆனால் அலுக்காமல் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கிற குணத்தை எந்தத் தாளும் சொல்லித் தராது. அது உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். எந்தப் பட்டம் முடித்தவரும் சேரலாம், பி.ஏ. தமிழுக்குத் தடையே இல்லை. வழி இரண்டு. ஒன்று, ஒரு வருட பி.எல்.ஐ.எஸ்சி. (நூலக, தகவல் அறிவியல் இளங்கலை), அதற்கு மேல் இன்னொரு வருட எம்.எல்.ஐ.எஸ்சி. (அதே பாடத்தில் முதுகலை). மற்றொன்று, பட்டப்படிப்பு முடித்ததும் நேராக இரண்டு வருட ஒருங்கிணைந்த எம்.எல்.ஐ.எஸ்சி. சென்னை, பாரதிதாசன், அழகப்பா, மதுரை காமராசர், பெரியார், அண்ணாமலை போன்ற பல்கலைக்கழகங்களில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. தொலைநிலையில் இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்துகின்றன. பட்டம் இல்லாதவர்களுக்கென்று சான்றிதழ்ப் படிப்பும் உண்டு, அது உங்களுக்குத் தேவையில்லை. கணினிப் பக்கம் ஆர்வம் இருந்தால் பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆவணமாக்க ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தையும் பாருங்கள். இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1962-இல் தொடங்கியது. நுழைவுத் தேர்வு கடினம், ஆனால் தேறிவிட்டால் உதவித்தொகையோடு படிக்கலாம்.

தொலைநிலைப் பட்டம் செல்லும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்தப் படிப்புக்கு நீங்கள் சேரும் வருடத்துக்கு அனுமதி தந்திருக்கிறதா என்று மட்டும் அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஏஜென்ட் அலுவலகத்தில் தொங்கும் பலகையை நம்பாதீர்கள். இன்னொன்று, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பதை அரசுப் பணிக்குக் கறாராகப் பார்க்கிறார்கள். உங்களுக்கு அதில் சிக்கல் இருக்காது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு இட ஒதுக்கீட்டை நம்பியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குரிய கல்வித் தகுதி வரைக்கும் தமிழ் வழி கேட்பார்கள். நூலகப் படிப்பு எந்த மொழியில் என்று சான்றிதழில் எழுதுவார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் படிப்பதா, தொலைநிலையா என்று கேட்டால் வாய்ப்பிருந்தால் நேரில் என்பேன். காரணம் பட்டத்தின் மதிப்பு இல்லை, செய்முறைப் பயிற்சி. வகைப்படுத்தலும் பட்டியலாக்கமும் பாடம் படித்து வருவதில்லை, பக்கத்தில் ஒருவர் இருந்து திருத்த வேண்டும்.

அப்பாவின் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. புத்தகத்தை அடுக்குவது எளிது, எங்கே அடுக்குவது என்பதுதான் படிப்பு. தஞ்சைப் பக்கத்துக் கோயில் குளங்களைப் பற்றி ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் டூயி தசம வகைப்பாட்டில் அதற்கு இடம் தேட வேண்டும். கோயில் என்பதால் இந்து சமயம், 294.5. கட்டுமானம் என்றால் வழிபாட்டிடக் கட்டடக்கலை, 726. நீர்த்தேக்கம், வாய்க்கால் என்றால் நீரியல் பொறியியல், 627. ஊர் வரலாறு என்றால் தமிழ்நாட்டு வரலாறு, 954.82. நாலுமே சரி போலத்தான் தெரியும். ஆனால் புத்தகம் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். 294.5-இல் வைத்தால் பக்தர் கையில் கிடைக்கும், ஆற்று நீர் எப்படிக் குளத்துக்கு வந்தது என்று தேடும் பொறியியல் மாணவன் கடைசி வரை அதைப் பார்க்க மாட்டான். அதனால் முன்னுரையைப் படித்து, உள்ளடக்கத்தைப் புரட்டி, ஆசிரியர் எதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறார் என்று பார்த்து முடிவெடுத்து, மற்ற மூன்று வழிகளையும் பட்டியலில் பொருள் தலைப்பாகப் போட்டு வைக்க வேண்டும். தமிழ்நாட்டு இந்துக் கோயில்களின் கட்டடக்கலை மட்டும் என்றால் எண்ணைக் கட்டி எழுப்பலாம். 726.145 இந்துக் கோயில்கள், அதோடு இட வாரியாகப் பிரிப்பதைக் குறிக்கும் 09, அதோடு தமிழ்நாட்டுக்கான 5482 சேர்ந்து 726.145095482. நாலு தடித்த தொகுதிகளைப் புரட்டி இப்படி எண் கட்டுவதுதான் செய்முறைத் தேர்வு. முதல் மாதம் தலை சுற்றும், அப்புறம் பிடித்துப்போய்விடும்.

பட்டியலாக்கத்தில் தமிழுக்கென்றே தனிச் சிக்கல்கள் உண்டு. மேல்நாட்டு விதியின்படி பெயரின் கடைசிப் பகுதி குடும்பப் பெயர், அதைக் கொண்டுதான் வரிசைப்படுத்துவார்கள். நமக்குக் குடும்பப் பெயரே இல்லை. எஸ். ஆர். ரங்கநாதன் என்பதில் முதல் எழுத்து சீர்காழி, அதாவது ஷியாளி. இரண்டாவது எழுத்து தந்தை பெயர் ராமாமிர்தம். அவருடைய பெயர் ரங்கநாதன் மட்டும்தான். இதைப் புரியாமல் பதிவு செய்த வெளிநாட்டுப் பட்டியல்களில் நம் எழுத்தாளர்கள் அப்பா பெயரில் ஒளிந்து கிடப்பார்கள். அப்புறம் புனைபெயர்கள். சுஜாதாவைத் தேடுகிறவருக்கு அவர் எஸ். ரங்கராஜன் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, எந்தப் பெயரில் தேடினாலும் எல்லா நூலும் ஒரே இடத்தில் வந்து விழ வேண்டும். ரோமன் எழுத்தில் ஜெயகாந்தனை எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள், சிக்கலின் அளவு தெரியும்.

ரங்கநாதன் பெயர் வந்துவிட்டது. இந்தப் படிப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் நிற்பார். 1892-இல் சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பிவிடப் பார்த்தவரை, முதலில் இங்கிலாந்து போய்ப் பயிற்சி முடித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் தொகுப்பைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமான பொம்மை செய்யலாம். பாடங்களையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து வேண்டியபடி பூட்ட முடியாதா என்று யோசித்ததில் வந்ததுதான் 1933-இல் வெளியான கோலன் வகைப்பாடு. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1931-இல், நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டுவிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர். தேர்வுக்கு இந்த ஐந்தையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்வார்கள், ஒப்பியுங்கள். ஆனால் வேலைக்குப் போன பிறகு முதல் விதி ஒன்றையே கடைப்பிடிக்க முடியாமல் திணறுவீர்கள்.

ஏன் என்று கேட்டால், தொலைந்த புத்தகத்துக்கு யார் பொறுப்பு என்கிற பயம். பூட்டிய கண்ணாடி பீரோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஸ்டாக் எடுக்கிற நாளை நினைத்துப் பயப்படும் ஒரு நூலகர் இருப்பார். மத்திய அரசின் பொது நிதி விதிகள் வருடத்துக்கு, வழங்கிய அல்லது பயன்படுத்திய ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைவதை இயல்பான இழப்பாகவே ஏற்கின்றன. நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ இருந்தால் கதை வேறு. ஆனால் தனியார் நிர்வாகங்கள் பலவற்றுக்கு இந்த விதி தெரியாது, தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பார்கள். சம்பளத்தில் பிடிப்பேன் என்று மிரட்டினால் எவர்தான் அலமாரியைத் திறந்து வைப்பார்? வேலைக்குச் சேரும்போது இந்தக் கேள்வியைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சின்ன விஷயம் போலத் தெரியும், பிற்பாடு தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

இனி ஒவ்வொரு வாசலாகப் பார்ப்போம்.

உங்கள் மனசில் இருப்பது கிளை நூலகம் என்று நினைக்கிறேன், அதனால் பொது நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாநிலத்தில், 1948-இல். அதற்குப் பின்னாலும் ரங்கநாதனும் சென்னை நூலகச் சங்கமும் இருக்கிறார்கள். 1931-லேயே மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனவர்களின் மாநிலம் இது. அந்தச் சட்டத்தின் முக்கியமான சங்கதி நூலக வரி. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அப்பாவிடம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். அவரும் நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்! வசூலான வரி முழுசாக, உரிய நேரத்தில் ஆணைக்குழுவுக்கு வந்து சேருவதில்லை என்பது இந்தத் துறையில் நெடுநாள் குறை.

மாநிலம் முழுக்க 4,600-க்கும் அதிகமான பொது நூலகங்கள் இருக்கின்றன. மேலே கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்றவை. பிறகு மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று கீழே இறங்கும். 1896-இல் திறந்த கன்னிமாராவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. அங்கே வேலை என்றால் அது ஒரு தனி உலகம்.

கிளை நூலகத்தில் யதார்த்தம் இப்படி. காலையில் கதவைத் திறக்கும் முன்பே நாளிதழுக்குப் பெரியவர்கள் காத்திருப்பார்கள். அவர்கள் போனதும் போட்டித் தேர்வுப் பிள்ளைகள் மேசையைப் பிடித்துக்கொள்வார்கள், அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் புத்தகம்கூட இல்லை, மின்விசிறியும் அமைதியும்தான். சாயங்காலம் பள்ளிக் குழந்தைகள். நடுவில் சந்தா ரசீது, தாமதக் கட்டணம், மாதாந்திர அறிக்கை, ஒழுகும் கூரைக்குக் கடிதம், உள்ளூர்ப் பெரிய மனிதர்களிடம் புரவலர் சந்தா கேட்டுப் போவது. பல இடங்களில் நூலகர் ஒருவரே கூட்டுபவர், பூட்டுபவர், கணக்கர் எல்லாம். இதையும் விரும்பிச் செய்து ஊரையே நூலகத்துக்கு இழுத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர் நூலகரே அப்படிப்பட்டவராக இருக்கலாம், இல்லாவிட்டால் உங்களுக்கு இந்த ஆசை வந்திருக்காது. அவரிடமே போய், இரண்டு மாதம் கூட இருந்து வேலை கற்றுக்கொள்ள அனுமதி கேளுங்கள். எந்தக் கல்லூரி விளக்கக் கையேட்டையும் விட அது தெளிவாக விஷயத்தைச் சொல்லிவிடும்.

பொது நூலகத் துறையின் பல பதவிகளுக்கு வழி அரசுத் தேர்வுதான். 2023-இல் டிஎன்பிஎஸ்சி ஒருங்கிணைந்த நூலகப் பணிகளுக்கென்று ஒரே அறிவிக்கை வெளியிட்டது. மாவட்ட நூலக அலுவலர், அண்ணா நூற்றாண்டு நூலகப் பணியிடங்கள், அரசுச் சட்டக் கல்லூரி நூலகர் எல்லாம் அதில் சேர்ந்தே இருந்தன. இப்படிப்பட்ட அறிவிக்கை வருடா வருடம் வருவதில்லை. வரும்போது கையில் பட்டம் தயாராக இருக்க வேண்டும். பாடத் தாளோடு பொது அறிவுத் தாளும் தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். உங்களுக்கு அது பயமில்லை, மற்றவர்கள் தடுக்கி விழும் இடத்தில் நீங்கள் நடந்து போய்விடலாம்.

கல்லூரி நூலகர் பணிக்கு வேறு கணக்கு. யுஜிசி விதிப்படி முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், அதோடு நெட் (தேசிய அளவிலான தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநில அளவிலானது) தேர்ச்சி. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகளுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. பதவி உதவிப் பேராசிரியருக்கு இணையானது, அதே யுஜிசி ஊதிய நிலை, தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். இந்தத் துறையில் நல்ல சம்பளம் என்றால் இதுதான், அதனால் போட்டியும் இங்கேதான். நெட் தேர்வில் முதல் தாள் எல்லோருக்கும் பொது, 50 கேள்வி. இரண்டாம் தாள் நூலகவியல், 100 கேள்வி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் பாடம் தெரிந்தும் கலைச்சொல் தெரியாமல் கோட்டை விடுவது இங்கேதான். எம்.எல்.ஐ.எஸ்சி. முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் இரண்டு மொழியிலும் சொற்களை எழுதி வையுங்கள்.

இந்த விதியெல்லாம் அரசுக் கல்லூரிக்கும் உதவி பெறும் கல்லூரிக்கும். சுயநிதிக் கல்லூரிகளில் சம்பளம் நிர்வாகம் வைப்பதுதான். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும் வருடத்தில் நூலகத்துக்கு வெள்ளையடித்து, நூலகருக்கு நாற்காலி மாற்றுவார்கள். குழு போனதும் அவரையே தேர்வு மேற்பார்வைக்கும் விழாவுக்கு மேடை ஜோடிப்பதற்கும் அனுப்புவார்கள். அனுபவத்துக்காகக் கொஞ்ச காலம் இருக்கலாம், அதிலேயே தங்கிவிடாதீர்கள்.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் ஓர் ஆசிரியரே நூலகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். கேந்திரிய வித்யாலயாவில் நூலகர் பதவிக்கு பி.எல்.ஐ.எஸ்சி. போதும், ஊதிய நிலை 7, அடிப்படைச் சம்பளம் 44,900. இளங்கலையோடு எட்டக்கூடிய மிக நல்ல வேலை என்பேன். குழந்தைகளோடு பழகப் பிடித்தால் அந்த அறிவிக்கையைத் தவற விடாதீர்கள்.

நாலாவது வாசல் ஆய்வு நூலகமும் ஆவணக் காப்பகமும். தமிழ் படித்தவர்கள் இதை ஏனோ கண்டுகொள்வதே இல்லை, எனக்கு அது ஆச்சரியம்தான். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உ.வே.சா. நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், அடையாறு நூலகம், தஞ்சையில் சரஸ்வதி மகால், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் என்று தமிழ் அச்சும் சுவடியும் குவிந்து கிடக்கும் இடங்கள் இவை. ரோஜா முத்தையாவின் தொகுப்பு கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்தது. சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து காப்பாற்றியிருக்காவிட்டால் எங்கே போயிருக்குமோ. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த பிறகு ஈழத்து எழுத்தைத் தேடித் தேடி மின்வடிவாக்கும் பணி இணையத்தில் 2005 முதல் நடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. இந்த வேலைகளுக்கு ஸ்கேன் செய்யும் ஆள் எளிதாகக் கிடைப்பார், பட்டியல் போடத் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

அது ஏன் கஷ்டம் என்று ஒரு உதாரணம். பழைய பிரசுரம் ஒன்றின் முகப்பில் 'விக்கிரம வருஷம் ஆவணி மீ' (மீ என்றால் மாதம்) என்று மட்டும் இருக்கிறது. அறுபது வருடச் சுழற்சியில் அது 1880-ஆகவும் இருக்கலாம், 1940-ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், விலாசம், விலை எழுதிய முறை, தாளின் நிறம், அதே அச்சகத்தில் வந்த வேறு நூல்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். பட்டியலில் ஒருவர் அசிரத்தையாக 1940 என்று போட்டுவிட்டால் ஓர் ஆய்வாளரின் வாதமே அறுபது வருடம் நகர்ந்துவிடும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களைத் தடுமாறாமல் படிக்க வேண்டும். யூனிகோடுக்கு முன்னால் விதவிதமான எழுத்துருக்களில் அடித்த பட்டியல்கள் இன்றைய கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும், அவற்றை மாற்றி, திருத்தி எடுக்க வேண்டும். பி.ஏ. தமிழ் உங்களுக்குப் பின்னடைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நூலகவியலோடு தமிழும் கணினியும் சேர்ந்தவர்கள் அபூர்வம். இந்த இடங்களில் வேலை பெரும்பாலும் திட்ட அடிப்படையில்தான் வரும், நிரந்தரம் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கணினி என்றதும் பயப்பட வேண்டாம். கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றிரண்டுதான். கோஹா என்பது நியூசிலாந்தில் பிறந்த இலவச நூலக மென்பொருள், கல்லூரிகள் பலவற்றில் இப்போது அதுதான். அரசு நூலகங்களில் தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா, பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களில் இன்ஃப்லிப்நெட் மையத்தின் சோல் ஆகிய மென்பொருள்களையும் பார்க்கலாம். கல்லூரி வெளியீடுகளையும் ஆய்வேடுகளையும் மின்வடிவில் சேமிக்க டிஸ்பேஸ் என்ற மென்பொருள். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு கோஹாவை நீங்களே நிறுவி, வீட்டில் இருக்கும் புத்தகங்களைப் பதிவு செய்து பாருங்கள். நேர்முகத்தில் "கோஹா தெரியுமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். தெரியும் என்று சொல்கிற பத்துப் பேரில் நிறுவத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிகம்.

கூகுளும் செயற்கை நுண்ணறிவும் வந்த பிறகு நூலகர் எதற்கு என்றும் கேட்பார்கள். என் அனுபவத்தில் வேலை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். ஆனால் கதவு திறந்திருப்பது தெரியாமலே பல மாணவர்கள் ஏதோ தளத்திலிருந்து பாதிக் கட்டுரையை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து எப்படித் தேடுவது, எதை நம்புவது, இல்லாத கட்டுரைக்குச் செயற்கை நுண்ணறிவு கொடுக்கும் பொய்ச் சான்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்று காட்டித் தருவது இப்போது எங்கள் வேலையில் பெரும்பங்கு.

உங்கள் நிலைமையில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த வருடமே பி.எல்.ஐ.எஸ்சி.யில் சேர்ந்துவிடுவேன், வீட்டுச் சூழ்நிலை விட்டால் நேரில், இல்லாவிட்டால் இக்னோ. அது முடிந்ததும் கேந்திரிய வித்யாலயாவுக்கும் டிஎன்பிஎஸ்சியின் சில பதவிகளுக்கும் தகுதி வந்துவிடும். நிறுத்தாமல் எம்.எல்.ஐ.எஸ்சி.யும் முடித்து, கடைசி வருடம் படிக்கும்போதே நெட் எழுத ஆரம்பிப்பேன். ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறார்கள், இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். பட்டம் வந்ததும் ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்கள் எடுக்கும் நூலகப் பயிற்சியாளர் இடங்களுக்கு விண்ணப்பிப்பேன். உதவித்தொகை கொஞ்சம்தான், ஆனால் ஒரு பெரிய நூலகம் எப்படி இயங்குகிறது என்று உள்ளே இருந்து பார்த்துவிடலாம். திருமணம், வீட்டுப் பொறுப்பு என்று ஊரை விட்டு நகர முடியாத நிலை வரும் என்றால் அதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். ஆய்வு நூலகங்கள் பெரும்பாலும் சென்னையிலும் தஞ்சையிலும் புதுச்சேரியிலும்தான் இருக்கின்றன, கேந்திரிய வித்யாலயாவில் வடக்கே எங்கு வேண்டுமானாலும் போடுவார்கள், சொந்த மாவட்டத்திலேயே இருக்க ஓரளவு வாய்ப்புள்ளது பொது நூலகத் துறையில்தான். இதை அப்பாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு எந்த வாசல் என்று எழுதுங்கள், அந்தத் தேர்வுக்கு என்ன படிப்பது, எதை விடுவது என்று தனியாகச் சொல்கிறேன்.